ஒரு புள்ளியின் அருமை

விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வீரர்களின் ஆற்றலையே புகழ்ந்துரைப்பர். நான் இன்று எடுத்துக்கொண்டது ஓர் ஆட்டப் பருவத்தின் கணக்கு. 2018-19ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐ-லீக் என்னும் அகில இந்தியக் கால்பந்துப் போட்டியில் சென்னை சிட்டி கழகம் முதலிடம் பெற்றது. அப்பட்டம் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்றுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. அவ்வெற்றி எவ்வாறு அமைந்தது, வென்ற கழகம் பின்னர் என்னவாயிற்று என்னும் இரண்டும் உங்களைப் போன்ற இளைஞர் அறிந்துகொள்ளத் தக்கவை.

முதலில் லீக் முறை என்பது யாது என்று பார்ப்போம். கோப்பைப் போட்டிகள் பலவற்றில், தோற்றவர் உடனே வெளியேறுவர். வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். ஒருநாள் உடல்நலக் குறைவோ, ஒரு மழையோ நல்ல குழுவையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். லீக் முறையில் அவ்வாறில்லை. ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொரு கழகத்துடனும் இருமுறை ஆடவேண்டும்: தன் ஊர்த் திடலில் ஒருமுறை, எதிரியின் ஊர்த் திடலில் ஒருமுறை. எல்லா ஆட்டங்களும் முடிந்தபின், மிகுந்த புள்ளிகள் பெற்றவரே வெற்றியாளர்.

எங்கள் திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோரைக் கண்டிருப்பீர்கள். பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். முதற் கல்லிலேயே ஓட்டமெடுத்தவர் பலர் பாதிவழியில் அமர்ந்துவிடுவர். சீராக நடந்தவர் எட்டு லிங்கங்களையும் கண்டு வீடு திரும்புவர். லீக் ஆட்டமும் அத்தகையதே. அங்கே விரைவைவிடச் சீர்மைக்கே மதிப்பு.

இனிக் கணக்குக்கு வருவோம். 2018-19 பருவத்தில் ஐ-லீக்கில் ஆடிய கழகங்கள் 11. ஒவ்வொன்றும் மற்றப் பத்துக் கழகங்களுடன் இருமுறை மோத, கழகமொன்றுக்கு ஆட்டங்கள் 20 ஆயின. மொத்த ஆட்டங்கள் 220 என்று கூறிவிடாதீர்கள். ஓர் ஆட்டத்தில் இரு கழகங்கள் இருப்பதால், 110 என்பதே சரியான விடை. வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. முற்காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிகளே வழங்கினர். அப்போது பல குழுக்கள் தோல்விக்கு அஞ்சிச் சமநிலையோடு மனநிறைவு கொண்டன. ஆட்டத்தில் ஊக்கம் குறைந்தது கண்டு, இங்கிலாந்து 1981இல் மூன்று புள்ளி முறையைக் கொணர்ந்தது. ஸ்பெயின் நாட்டு லீக் 1995-96 பருவத்தில் அதனை ஏற்றது. இன்று அது உலக வழக்காகிவிட்டது.

சென்னை சிட்டி கழகம் ஐ-லீக்கில் நுழைந்தது 2016-17 பருவத்தில்தான். முதல் இரண்டு பருவங்களிலும் அது அட்டவணையின் கீழ்ப்பகுதியிலேயே நின்றது. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் திடலாகக் கொண்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக அமைந்தார். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் வந்தனர். தமிழ்நாட்டு இளைஞர்களான எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்றோர் அவர்களுக்குத் தோள் கொடுத்தனர். ஸ்பெயின் நாட்டார் பந்தைத் தரையில் உருட்டி, குறுகிய தூரத்துக்குத் தோழனிடம் தள்ளி ஆடுவதில் வல்லவர். வான்வழியாகப் பந்தைத் தூக்கியடித்துப் பின்னால் ஓடும் முறையை விட்டு, அந்த முறையைச் சென்னைக் குழு கைக்கொண்டது. மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்தின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டினார்.

பட்டத்துக்குப் போட்டியிட்ட மற்றொரு கழகம் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த பெருங்கழகம் அது. 2003-04க்குப் பின் தேசிய லீக் பட்டம் அதற்கு வாய்க்கவில்லை. அதன் பயிற்சியாளரும் ஸ்பெயின் நாட்டவரே. இவ்விரு கழகங்களும் மோதிய இரண்டு ஆட்டங்களிலும் சென்னைக் குழுவே வென்றது. போட்டியாளரை நேரில் வெல்வதன் பயனைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நமக்கு 3 புள்ளிகள் சேர்கின்றன. அவருக்குச் சேரவேண்டிய 3 புள்ளிகள் சேராமற் போகின்றன. எனவே, தோற்றிருந்தால் அமையும் நிலைக்கும் வென்றதால் அமையும் நிலைக்கும் இடையே 6 புள்ளிகள் வேறுபாடு உண்டாகிறது.

ஆயினும் பட்டம் எளிதில் கைக்கு வரவில்லை. மார்ச் முதல் நாளன்று கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்திடம் சென்னைக் குழு 2-3 என்று தோற்றது. கடைசி நாளாகிய 2019 மார்ச் 9 அன்று சென்னைக்கு 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இரு கழகங்களும் ஒரே வேளையில் வெவ்வேறு ஊர்களில் ஆடின. ஒரு திடலின் முடிவை அறிந்து மற்றொரு திடலில் ஆட்டத்தை அமைத்துக்கொள்ள இடங்கொடாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு.

கோயம்புத்தூரில் சென்னையை எதிர்த்தது, முந்தைய ஆண்டு பட்டம் வென்ற மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை சென்னை 0-1 எனப் பின்தங்கியே இருந்தது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்த ஈஸ்ட் பெங்கால் அந்நேரம் 0-0 என்ற சமநிலையில் இருந்தது. ஆக, இடைவேளையின்போது இரு கழகங்களுக்கும் 40 புள்ளிகளே! அரங்கில் கூடியிருந்தோரின் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

56ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டி உதையை மான்சி கோலாக்கினார். பிறகு வந்தவர் கௌரவ் போரா. அசாம் மாநிலத்தைச் சேர்ந்த அவர் தற்காப்பு வீரர். கோல் அடிப்பது அவர் தொழிலன்று. அவரே 69ஆம் நிமிடத்தில் ஒன்றும், ஆட்டம் முடியும் தறுவாயில் மற்றொன்றும் அடித்தார். சென்னை 3-1 என்று வென்றது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்னர் 2-1 என்று வென்றிருந்தது. சென்னை அன்று சமநிலையில் முடித்திருந்தால் 41 புள்ளிகளோடு நின்று, 42 பெற்ற கொல்கத்தாவிடம் பட்டத்தை இழந்திருக்கும்.

இப்போது இறுதி அட்டவணையைப் பாருங்கள். சென்னை: வெற்றி 13, சமநிலை 4, தோல்வி 3, புள்ளிகள் 43. ஈஸ்ட் பெங்கால்: வெற்றி 13, சமநிலை 3, தோல்வி 4, புள்ளிகள் 42. வெற்றிகளின் எண்ணிக்கை ஒன்றே! இருவரையும் பிரித்தது ஒரு தோல்விக்குப் பதிலாகக் கிடைத்த ஒரு சமநிலை. பருவத்தின் நடுவே, யாரும் பெரிதாகக் கொண்டாடாத ஒரு மாலையில், தோல்விக்கு இடங்கொடாமல் காத்து நின்றதன் பயன் கடைசி நாளில் பட்டமாயிற்று. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்த்த மதிப்பெண்ணின் அருமையை மாணவராகிய நீங்கள் அறியாதவர் அல்லர்.

இதற்கு எதிரான ஒரு காட்சியையும் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டு லீக்கில் 1993-94 பருவத்தின் கடைசி நாள், 1994 மே 14. லா கொருன்யா நகரின் டெபோர்ட்டிவோ கழகம் அதுவரை லீக் பட்டம் கண்டதில்லை. அன்று வாலென்சியாவை வென்றால் பட்டம் உறுதி. ஆட்டம் 0-0 என முடியும் நேரத்தில் அதற்குப் பெனால்டி உதை கிடைத்தது. தற்காப்பு வீரர் ஜூக்கிச் உதைத்த பந்தைக் கோல்காவலர் பிடித்துவிட்டார். பார்சலோனா மறுபுறம் வென்று, டெபோர்ட்டிவோவைப் போலவே 56 புள்ளிகளை எட்டியது. புள்ளிகள் சமமாயின், அவ்விருவரும் தம்முள் மோதிய ஆட்டங்களை நோக்குவது அந்நாட்டு விதி. அவ்விதிப்படி பட்டம் பார்சலோனாவுக்குப் போயிற்று. உலகம் ஜூக்கிச்சின் ஓர் உதையையே நினைவில் வைத்துள்ளது. அவ்வுதையோடு நின்றுவிடாமல், பருவம் முழுவதும் நழுவிய புள்ளிகள் ஒவ்வொன்றும் அந்த இழப்பில் பங்குகொண்டவை என்பதைக் கணக்கறிந்தவர் உணர்வர். டெபோர்ட்டிவோ சோர்ந்துவிடவில்லை, 2000ஆம் ஆண்டில் அப்பட்டத்தை வென்று காட்டியது.

சென்னை சிட்டியின் பிற்கதை அத்துணை இனியதன்று. சிறந்த வீரர்கள் சிலர் வேறு கழகங்களுக்குச் சென்றனர். மான்சி 2020இல் ஜப்பானுக்குப் போனார். கொரோனா நோய்க் காலத்தில் ஆட்டங்கள் நின்றன. வெற்றி பெற்று மூன்றாண்டு நிறைவதற்குள், 2021-22 பருவத்து ஐ-லீக்கில் அக்கழகத்தின் பெயரே இல்லை. ஸ்பெயின் நாட்டு லீக் 1929இல் பத்துக் கழகங்களோடு தொடங்கியது. அவற்றுள் பல இன்றும் ஆடுகின்றன. தந்தை ஆதரித்த கழகத்தை மகனும் பேரனும் ஆதரிக்கின்றனர். ஒரு கழகம் நிலைப்பதற்கு நல்ல வீரர் மட்டும் போதார். சிறுவர் பயிலும் திடல்கள் வேண்டும். ஒழுங்கான வரவு செலவு வேண்டும். தோற்கும் நாளிலும் திடலுக்கு வரும் ஊரார் வேண்டும். பட்டத்தை ஒரு பருவத்தில் வெல்லலாம். ஒரு நிறுவனத்தை ஒரு பருவத்தில் ஆக்கிவிட முடியாது.

மாணவர்களே, உங்கள் பள்ளிகளில், கல்லூரிகளில் நான்கு வகுப்புகள் இருந்தாலும் போதும். நீங்களே ஒரு லீக் நடத்தலாம். நான்கு குழுக்களுக்கு ஆட்டங்கள் 12. அட்டவணையை நீங்களே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தோற்ற குழு மறுவாரமும் திடலுக்கு வந்தாக வேண்டும் என்பதே அதன் முதல் விதியாக இருக்கட்டும். அடுத்த ஆண்டும் அதனை விடாமல் நடத்துங்கள். நம் நாட்டுக் கால்பந்துக்கு இன்று பெரிதும் தேவைப்படுவது அந்த இரண்டாம் ஆண்டே.