பிரசர் குளிசை உடலில் என்ன செய்கிறது?

பிரசருக்குக் குளிசை எடுப்போரில் பலர், தலையிடியோ தலைச்சுற்றோ இல்லாவிட்டால் "இப்போது சுகம்தானே" என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கிளினிக் தவறிப்போவதும் உண்டு. இது ஏன் ஆபத்தானது என்று பார்ப்போம்.

இரத்த அமுக்கம் குறைவதைச் சிறுநீரகங்கள் உணர்ந்தால் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அது ஈரலில் உண்டாகும் ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டை, முக்கியமாகச் சுவாசப்பையின் இரத்தக் குழாய்களிலுள்ள ஒரு நொதியம் அஞ்சியோடென்சின் 2 என்ற ஓமோனாக மாற்றுகிறது. இந்த ஓமோன் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியைத் தூண்டி, அல்டொஸ்டெரோன் என்ற இன்னோர் ஓமோனையும் சுரக்கச் செய்கிறது. அது உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை நெரித்து, மெசினையும் கூட்டிவிட்டால் குழாய்க்குள் அமுக்கம் ஏறுமல்லவா? அதுபோலத்தான். காயத்தால் இரத்தம் போகும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். தேவையின்றித் தொடர்ந்தால் இருதயம், மூளை, சிறுநீரகம் மூன்றையும் கெடுக்கும்.

எனலாப்பிரில் குளிசை அந்த நொதியத்தைத் தடுக்கிறது. லொசார்ட்டன், ஓமோன் சென்று ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. ஸ்பைரோனோலக்டோன் அல்டொஸ்டெரோனின் வேலையை மறிக்கிறது. ஆனால் எதுவும் சுரப்பை நிரந்தரமாக நிறுத்துவதில்லை. குளிசையின் வேலை முடிந்ததும் ஓமோன் மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். பிரசர் கட்டுப்பாட்டில் இருப்பது குளிசை வேலை செய்வதால்தான்.

கவனிக்க வேண்டியவை:

• எனலாப்பிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு குளிசை தருவார்.

• முகமோ நாக்கோ வீங்கினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

• கர்ப்பிணிகள் இம்மூன்று குளிசைகளையும் எடுப்பது சிசுவுக்குத் தீங்கு. கர்ப்பம் என்று அறிந்தவுடன் வைத்தியரிடம் சென்று மாற்றுக் குளிசை பெறுங்கள்.

• வயிற்றோட்டம், வாந்தி கடுமையானால் குளிசையைத் தொடர்வதா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

• உடல் நோவுக்கு டைக்குளோபினாக் போன்றவற்றைக் கேட்காமல் விழுங்காதீர்கள். சிறுநீரகம் பழுதாகலாம்.

• கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைக் குறையுங்கள்.

ஊர் மாறினாலும் கிளினிக் கொப்பியை அடையாள அட்டையுடன் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். அதைக் காட்டினால் புதிய இடத்து வைத்தியரும் நீங்கள் எடுக்கும் குளிசையை அறிந்து சிகிச்சையைத் தொடர்வார்.