சாவியைத் திருகியும் கிளம்பாத கார்

அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ புறப்படும் வேளையில் கார் கிளம்ப மறுத்தால் பதற்றம் வருவது இயல்பே. அந்தப் பதற்றத்தில் பலர் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுகின்றனர். பின்னர் யாரோ சொன்னதைக் கேட்டுப் புதிய பேட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுகின்றனர். சில நாட்களில் அதே கோளாறு மீண்டும் தலைகாட்டுகிறது. பழுது ஓரிடத்திலும் பணம் வேறோரிடத்திலும் போனதே அதற்குக் காரணம். சில எளிய சோதனைகளை வரிசையாகச் செய்தால் இந்த வீண் செலவைத் தவிர்க்கலாம்.

ஒரு காலத்தில் கார் எஞ்சினை இரும்புக் கைப்பிடியால் சுழற்றித்தான் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இடம்பெற்றபின் அந்த வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்டது. இன்றும் அடிப்படை முறை மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரி ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மீண்டும் மின்னேற்றுகிறது. முகப்பு விளக்கு ஒன்றுக்குச் சுமார் 5 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கும் மேல் வேண்டும். ஆகவே விளக்கு எரிவதை மட்டும் கண்டு பேட்டரி நலமாக உள்ளது என்று முடிவுகட்டலாகாது.

ஒலியே முதற் சாட்சி

சாவியைத் திருகும்போது எழும் ஒலியைக் கவனிப்போம். 'டிக் டிக் டிக்' என்று விரைவாகத் தொடர்ந்து ஒலித்தால், பெரும்பாலும் பேட்டரியில் மின்னேற்றம் குறைந்திருக்கும். அல்லது அதன் முனை இணைப்பு தளர்ந்திருக்கும். ஒரே ஒரு 'டக்' ஒலியுடன் அடங்கிவிட்டு, விளக்குகளும் மங்காதிருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதன் சொலினாய்டையோ ஐயுறலாம். ஒலியே எழாவிட்டால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில கார்களில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும்; தானியங்கி கியர் உள்ளவற்றில் கியர் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் இருந்தாக வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் உயிர்பெறாவிட்டால் குறை பேட்டரியில் இருக்க வாய்ப்பில்லை; எரிபொருள் பம்பின் ஃபியூஸையும் இம்மொபிலைசர் எச்சரிக்கை விளக்கையும் நோக்க வேண்டும்.

ஒருமுறைக்குப் பத்து வினாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டலாகாது. அடுத்த முயற்சிக்குமுன் அரை நிமிடமேனும் இடைவெளி தேவை.

முனைகளும் அளவுகளும்

பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் மின்னோட்டம் தடைப்படும். எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் முனைகளைத் துடைத்து உலர்த்தி, நேர்முனையை முதலில் இறுக்கமாகப் பூட்ட வேண்டும். செலவில்லாத இந்தச் சிறு பணியிலேயே பல கார்கள் கிளம்பிவிடுகின்றன.

சில நூறு ரூபாய் விலையுள்ள மல்ட்டிமீட்டர் மேலும் தெளிவு தரும். ஓய்விலிருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் மின்னேற்றம் நிறைவு. 12 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் பெரிதும் குறைந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். அப்போதும் 12-ஐ ஒட்டியே நின்றால் ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி. புதிய பேட்டரி வாங்கினாலும் அதுவும் விரைவில் வற்றிவிடும்.

மின்கசிவும் உண்டு. நிறுத்திய காரில் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் சிறிதளவு மின்சாரத்தை உண்கின்றன. அது 50 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், 20 நாட்களில் 24 ஆம்பியர்-மணி செலவாகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் இரண்டு பங்கு. பின்னர் பொருத்திய கேமராவும் ஒலிபெருக்கியும் இதைப் பெருக்கலாம். நீண்ட பயணம் செல்வோர் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவைப்பது நலம்.

இரவல் மின்சாரம்

மற்றொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் வற்றிய பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் இணைக்க வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் இணைத்து, மறுநுனியைக் கிளம்பாத காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் பூட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி அதனருகே விழலாகாது என்பதே இதன் நோக்கம். கழற்றும்போது வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் ஃபியூஸையே இட வேண்டும். செம்புக் கம்பி சுற்றுவது தீக்கு அழைப்பு. மழைவெள்ளத்தில் மூழ்கிய காரையோ கிளப்ப முயலவே கூடாது. எஞ்சினுள் நீர் புகுந்திருந்தால் அது உடையக்கூடும்.

செலவும் எச்சரிக்கையும்

வழக்கமான மோட்டார் காப்பீட்டில் இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் அடங்குவதில்லை. வழித்துணை உதவி, எஞ்சின் பாதுகாப்பு ஆகியவற்றைக் கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். பேட்டரி வாங்கும்போது உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் உள்ளனவா என்று பார்த்து, ரசீதுடன் பாதுகாப்போம். பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி கிடைக்கும். ஈயமும் மண்ணில் சேராது.

நடுவழியில் நிற்கும்போது இணையத்தில் கிடைக்கும் உதவி எண்ணை நம்பிவிடக் கூடாது. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடியாளர்கள் போலி எண்களைப் பரப்புகின்றனர். காப்பீட்டுப் பத்திரத்திலும் காரின் கையேட்டிலும் அச்சிட்ட எண்களை முன்கூட்டியே கைபேசியில் பதிந்துவைப்போம். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. முன்பதிவுக் கட்டணம் என்று சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டிப்போம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் அளித்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

பேட்டரியின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு சர்வீஸின்போதும் அதைச் சோதிக்கச் சொல்வோம்.