லோக்கல் ரயில் இரைச்சலிலும் துல்லியமான இசை: மியூசிக் பிளேயர் வாங்கும் முன் அறிய வேண்டியவை

மும்பை: கோவண்டி ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஹார்பர் வழித்தட ரயிலுக்குக் காத்திருப்போரில் பலரது காதுகளில் இயர்போன் இருக்கும். அவர்களில் இசையைச் சற்று ஆழ்ந்து கேட்க விரும்புவோருக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. கைபேசியே போதுமா, அல்லது இசைக்கென்றே தனியாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்கினால் ஒலி மேலும் துல்லியமாக இருக்குமா? சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிய விலையிலும் இத்தகைய கருவிகள் சந்தையில் உள்ளன. ஆனால் விலை உயர உயர ஒலியும் அதே அளவில் உயரும் என்று கருதிவிட முடியாது. எந்த இடத்தில் இருந்து, எந்தக் கோப்பை, எந்த இயர்போன் வழியாகக் கேட்கிறோம் என்பவையே ஒலித்தரத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. பிளேயரின் பங்கு அதன் பிறகே வருகிறது.

நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது, சோனி நிறுவனம் 1979ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்மேன். 2001ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. 2022ஆம் ஆண்டு மே மாதம் ஐபாட் வரிசை முடிவுக்கு வந்தது. அதன் வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது. இன்று தனி மியூசிக் பிளேயர்களாக எஞ்சியிருப்பவற்றில் பல, ஒலித்தரத்தையே முதன்மையாகக் கருதும் ரசிகர்களுக்கானவை. 2016இல் சோனி வெளியிட்ட வாக்மேன் வகை ஒன்றின் உடற்பகுதி செம்பினால் ஆனது. அதற்குத் தங்கமுலாமும் பூசப்பட்டிருந்தது. குர்லாவில் கூட்டம் முண்டியடித்து ஏறும் வேளையில் தங்கமுலாமுக்கு அதிக வேலை இருக்காது.

முதல் எதிரி இரைச்சல்

கோவண்டியில் இருந்து செம்பூர், குர்லா, வடாலா வழியாக சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் செல்ல ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகிறது. கதவுகள் திறந்தே இருக்கும் சாதாரணப் பெட்டிகளில் சக்கரங்களின் ஓசை, காற்றின் ஓசை, பயணிகளின் பேச்சு ஆகிய மூன்றும் இடைவிடாமல் சேர்ந்து ஒலிக்கின்றன. குறுந்தகட்டின் 16 பிட் பதிவு, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் வேறுபாட்டைத் தாங்கக்கூடியது. சுற்றிலும் 80 டெசிபல் இரைச்சல் இருக்கும் இடத்தில் அந்த விரிவின் அடிப்பகுதி முழுவதும் மூழ்கிவிடும். ஆலாபனையின் மெல்லிய இழைகளும், பாடல் முடிந்து தம்புரா அடங்கும் கணமும் காதுக்கு எட்டுவதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த பிளேயராலும் இதனைச் சரிசெய்ய முடியாது.

பயணி அப்போது செய்வது ஒன்றுதான்: ஒலியளவைக் கூட்டுகிறார். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. அதன்படி 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கோவண்டியில் இருந்து முனையம் வரை தினமும் சென்று திரும்புபவர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பாட்டுக் கேட்கிறார் என்று கொள்வோம். 90 டெசிபலில் கேட்டால், திங்கட்கிழமை தொடங்கிய கணக்கு புதன்கிழமை மாலை வீடு திரும்புவதற்குள் தீர்ந்துவிடும். 80 டெசிபலில் கேட்டால் வாரத்தின் ஆறு நாள் பயணத்துக்கும் 9 மணி நேரம்தான் செலவாகும். பெருஞ்சத்தத்தால் உட்செவியில் அழிந்துபோன நுண்மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. ஒலித்தரத்துக்காகப் பணம் செலவிடுபவர் அதைக் கேட்கும் காதையே இழப்பது நல்ல பேரம் ஆகாது.

எனவே ரயில் பயணிக்கு முதல் செலவு இயர்போனில் இருக்க வேண்டும். காதுத் துளைக்குள் நன்கு பொருந்தி அடைக்கும் சிலிக்கான் அல்லது நுரை முனை கொண்ட இயர்போன்கள் வெளி இரைச்சலைச் சுமார் 20 டெசிபல் அளவுக்குக் குறைக்க வல்லவை. பெட்டியில் மூன்று அளவு முனைகள் வரும். பெரும்பாலோர் முதலில் பொருத்தப்பட்டிருக்கும் நடு அளவையே கடைசி வரை பயன்படுத்துகின்றனர். இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முனை சரியாகப் பொருந்தாவிட்டால் முதலில் காணாமல் போவது மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் பேஸ் கிட்டாரும்தான். 'இந்த இயர்போனில் பேஸ் இல்லை' என்ற புகார்களில் கணிசமானவை முனையை மாற்றினாலே தீர்ந்துவிடும்.

இரைச்சலை எதிர் ஒலியால் அழிக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' தொழில்நுட்பமும் பயன் தரும். இந்த எண்ணம் அமர் போஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது உதித்தது. அவரது தந்தை வங்காளத்தில் இருந்து அமெரிக்காவுக்குச் சென்ற விடுதலைப் போராளி. போஸ் நிறுவனம் விமானிகளுக்கான முதல் கருவியை 1989இல் வெளியிட்டது. சக்கரங்களின் தொடர் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளை இத்தொழில்நுட்பம் நன்கு குறைக்கிறது. திடீரென எழும் கூச்சலையோ குழந்தையின் அழுகையையோ அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. நடைமேடையிலும் சாலையிலும் இதனை அணைத்து வைப்பது அவசியம். காதை அடைத்தபடி தண்டவாளத்தைக் கடப்பவருக்கு ரயிலின் ஹாரன் கேட்பதில்லை.

கோப்பில் இல்லாதது காதில் வராது

இரண்டாவது இடம் பாடல் கோப்புக்கு உரியது. குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு ஏறக்குறைய 1,411 கிலோபிட் தரவு. எம்பி3 முறை, மனிதக் காது கவனிக்காது எனக் கருதும் பகுதிகளை நீக்கி இதனை 320 அல்லது 128 கிலோபிட்டாகச் சுருக்குகிறது. 320இல் இழப்பை உணர்வது பெரும்பாலோருக்குக் கடினம். 128இல் ஜால்ராவின் ஒலி சிதறுவதையும் கைதட்டல் நீர் சலசலப்பதுபோல் மாறுவதையும் கவனித்துக் கேட்பவர் அறியலாம். 'ஃபிளாக்' என்ற முறை எதையும் இழக்காமலேயே கோப்பின் அளவைப் பாதியை ஒட்டிக் குறைக்கிறது.

தமிழ்ப் பாடல்களைச் சேகரிப்போர் சந்திக்கும் சிக்கல் வேறு. இணையத்தில் '320' என்ற பெயருடன் உலவும் பழைய பாடல்கள் பல, 128 கிலோபிட் கோப்புகளை மறுபடியும் பெரிதாக்கி உருவாக்கப்பட்டவை. ஒருமுறை நீக்கப்பட்ட ஒலி இதனால் திரும்பி வருவதில்லை. கோப்பு மட்டுமே பருக்கிறது. 'ஸ்பெக்' போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் அதன் ஒலிப்படம் தெரியும். சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால் ஐயப்பட இடமுண்டு. மூலப்பதிவின் எல்லையையும் மறந்துவிடலாகாது. ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் தமிழ்த் திரையிசை என்று பரவலாகக் குறிப்பிடப்படுவது 1978இல் வெளியான 'பிரியா'. அதற்கு முந்தைய பாடல்களில் இடமும் வலமும் பிரிந்து ஒலிக்க வேண்டும் என்று எந்தக் கருவியிடமும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

செயலிகள் வழியாகக் கேட்போர், அமைப்புகள் பகுதிக்குச் சென்று ஒலித்தரம் 'தானியங்கி' என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அந்நிலையில் இணைய வேகம் குறையும்போது தரமும் தானாகவே குறைக்கப்படும். வீட்டு வைஃபையில் உயர்தரத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டு வழியில் கேட்பது, காசு செலவில்லாத மேம்பாடு.

புளூடூத் மற்றொரு குறுகலான வழி. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் சுமார் 328 கிலோபிட் வரை செல்லும். சோனியின் எல்டேக் முறை 990 கிலோபிட் வரை அனுப்பக்கூடியது. ஆனால் அலைவரிசை நெரிசல் இருக்கும் இடத்தில் அது 660 அல்லது 330 ஆகத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும். நூற்றுக்கணக்கான கைபேசிகள் நெருங்கி நிற்கும் ரயில் பெட்டியைவிட நெரிசலான இடம் அரிது. மேலும் புளூடூத்தில் டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றும் வேலை இயர்போனுக்குள்ளேயே நடைபெறுகிறது. விலையுயர்ந்த பிளேயர் வாங்கி அதில் புளூடூத் இயர்போனை இணைப்பவர், அந்தப் பிளேயரின் சிறப்புப் பாகத்தைப் பயன்படுத்துவதே இல்லை.

தனி பிளேயர் யாருக்கு?

கம்பி இயர்போன் பயன்படுத்துவோருக்கே பிளேயரின் தரம் முழுமையாகப் பொருள்படும். டிஜிட்டல் எண்களை மின் அலைகளாக மாற்றும் 'டேக்' என்ற சில்லும், அந்த அலைகளைப் பெருக்கும் ஆம்பிளிஃபையரும் அதன் உயிர்நிலை. விளம்பரங்கள் சில்லின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. வாங்குபவர் கேட்க வேண்டியது வேறு: வெளியீட்டு மின்மறுப்பு எத்தனை ஓம்? அது இயர்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம் அல்லது அதற்கும் குறைவு. இது மிகுந்தால் சில இயர்போன்களின் ஒலிச் சமநிலையே மாறிவிடும். 300 ஓம் போன்ற பெரிய ஹெட்போன் வைத்திருப்பவருக்கு, கைபேசி தருவதைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். தனி பிளேயர் வாங்குவதற்கு இது உண்மையான காரணம்.

மற்றவர்களுக்கு இடைவழி ஒன்று உள்ளது. 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத கைபேசிகளுக்கென விற்கப்படும் சிறிய யூஎஸ்பி-சி இணைப்பான்களில் டேக் சில்லும் அடங்கியிருக்கிறது. அவற்றில் தரமானவை தரும் ஒலியை, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால், பல மடங்கு விலையுள்ள பிளேயரின் ஒலியில் இருந்து பிரித்தறிவது எளிதன்று. ஆப்பிளின் இணைப்பான் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் குறைந்த ஒலியளவே தரும் என்பதால் சொந்தக் கைபேசியில் சோதித்த பிறகே வாங்க வேண்டும். அழைப்புகள் குறுக்கிடாமல் கேட்கவும், நூற்றுக்கணக்கான ஃபிளாக் கோப்புகளை மெமரி கார்டில் வைத்திருக்கவும், கைபேசியின் பேட்டரியைக் காக்கவும் தனி பிளேயர் உதவும். இவை வசதிகள், ஒலித்தரத்தின் கணக்கில் சேராது. வீட்டில் முதியவர்களுக்காக வாங்கப்படும் 'சரிகம கார்வான்' வகையும் அப்படியே. 2017இல் 5,000 பாடல்களுடன் வந்த அந்தப் பெட்டியின் வெற்றிக்குக் காரணம், தேடாமலேயே பழைய பாட்டு கிடைத்ததுதான்.

'ஹை-ரெஸ்' எனப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பதில் ஆய்வுகள் சில உள்ளன. அமெரிக்காவின் மேயர், மோரன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைக்கப்பட்ட அதே பதிவையும் கேட்டவர்கள் 554 முயற்சிகளில் 276 முறை மட்டுமே சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அதே விடைதான் கிடைக்கும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சரியான விடை 52.3 சதவீதமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் மேலும் சற்று நன்றாகச் செய்தனர். வேறுபாடு இருந்தாலும் அது நூலிழை அளவுதான். அமைதியான அறையில் தேட வேண்டிய அந்த நூலிழையை ஹார்பர் ரயிலில் தேடுவது வீண்.

கடையில் சோதிக்கும் முறை

ஒலி சற்றுக் கூடுதலாக இருந்தாலே அது தரமாகவும் இருப்பதாகக் காது எண்ணிக்கொள்ளும். ஆகவே இரு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவு இரண்டிலும் ஒரே நிலையில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது முதல் வேலை. இயர்போனும் ஒன்றாகவே இருக்கட்டும். கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரிப் பாடல்களை விட்டு, பலமுறை கேட்டுப் பழகிய பாடலையே இசைக்கச் சொல்ல வேண்டும். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலோ சண்முகானந்தா அரங்கிலோ கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு நல்ல அளவுகோல் ஏற்கெனவே கையில் உள்ளது. தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியே மீட்டப்படுவது தெரிகிறதா, வலந்தலையின் கூர்மையும் தொப்பியின் கனமும் ஒன்றையொன்று விழுங்காமல் கேட்கின்றனவா, வயலின் மேல் ஸ்தாயியில் கீச்சிடுகிறதா என்று கவனித்தால் போதும். பாட்டை நிறுத்திவிட்டு அமைதியில் 'உஸ்' என்ற ஓசை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்; ஆம்பிளிஃபையரின் குறை அதில் வெளிப்படும்.

லாமிங்டன் சாலை போன்ற மின்னணுச் சந்தைகளிலோ நடைபாதைக் கடைகளிலோ வாங்குவோர், நிறுவன உத்தரவாதம் குறிப்பிடப்பட்ட ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். மெமரி கார்டு விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. உறையில் 512 ஜிபி என்று அச்சிடப்பட்ட போலிக் கார்டுகள் கணினியிலும் அதே அளவைக் காட்டும். உண்மைக் கொள்ளளவு நிறைந்த பிறகு ஏற்றப்படும் பாடல்கள் ஓசையின்றி அழிந்துபோகும். கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அந்தச் சோதனை சில மணி நேரம் எடுக்கும் என்பதால், கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் அதனைச் செய்து முடிப்பது நல்லது.