பால்மரக் காட்டின் மாசி மாதம்

ஜொகூர் மாநிலத்தில், லாயாங் லாயாங்குக்கும் கூலாய்க்கும் இடையே ரயில் பாதையை ஒட்டிய ஊர் செடெனாக். நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகை தூரம்கூட இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே உள்ள வித்தியாசம் சுமார் 12 நிமிடம்தான். வெயிலும் மழையும் மாறி மாறி வரும். காடு எப்போதும் பச்சையாக இருக்கும். பள்ளிக்கூடப் புவியியல்படி அங்கே இலையுதிர்காலம் வர வழியில்லை.

ஆனால் தென் ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அந்தக் காலம் நன்றாகத் தெரியும். தைப்பூசம் முடிந்த கையோடு பால்மர இலைகள் மஞ்சளாகும், ஆரஞ்சாகும், சில செம்பு நிறமாகும். சில வாரங்களில் தோட்டமே மொட்டையாக நிற்கும். ஆண்டு முழுவதும் நிழல் கவிந்து கிடந்த தரையில் வெளிச்சம் கொட்டும். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். ஐரோப்பியரும் ஜப்பானியரும் அக்டோபரில் எதைக் கொண்டாடுகிறார்களோ, அதைத் தோட்டப்புறத் தமிழர்கள் மாசியில் அனுபவித்தார்கள். அதை யாரும் அவர்களுடைய பருவம் என்று எழுதிவைக்கவில்லை. செடெனாக் வட்டாரத்தில் இப்போது அந்த மரங்களும் அருகிவிட்டன. மரத்துக்குள் அந்த நாட்களில் என்ன நடக்கிறது, மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க இதுவே நேரம்.

அமேசானிலிருந்து வந்த பழக்கம்

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் வடிநிலம். ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளிலிருந்து 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஜொகூரின் ரயில் பாதை 1909-இல் திறந்தபின், அந்தப் பாதையின் இருபுறமும் காடு அழிந்து கித்தா எனப்பட்ட ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள் அந்தத் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியேறினார்கள்.

மரம் வந்தபோது அதன் பழக்கமும் கூடவே வந்தது. அமேசானில் மழை குறையும் மாதங்களில் இந்த மரம் இலையை உதிர்த்துவிடும். மூன்று நான்கு வயதைத் தாண்டிய எல்லா மரங்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இது உண்டு. தென் ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்த்தபின் பிப்ரவரியில் ஒரு வறட்சி வரும். மரம் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது.

இலை தானாக அறுந்து விழுவதில்லை. மரம்தான் அதை வெட்டிவிடுகிறது. இலை வேலை செய்யும்வரை அதிலிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் காம்பு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். இலை மூப்படையும்போது ஆக்சின் குறையும், எத்திலீன் வாயுவின் கை ஓங்கும். காம்பின் அடியில் ஒரு மெல்லிய செல் அடுக்கு இருக்கிறது. அந்த செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை நொதிகள் கரைக்கும். அதன்பிறகு சிறு காற்று போதும்.

அதற்கு முன் மரம் செய்யும் வேலைதான் வியப்பானது. வீட்டைக் காலி செய்யும் குடும்பம் மதிப்புள்ள சாமான்களை முதலில் கட்டி எடுப்பதுபோல, இலையில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உலகெங்கும் பலவகை மரங்களை அளந்து பார்த்ததில், இலை விழும் முன் இந்தச் சத்துகளில் சுமார் பாதி மீட்கப்படுவது தெரிந்திருக்கிறது. பச்சையம் சிதைந்து மறைகிறது. அதுவரை பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. மேப்பிள் மரத்திலும் பால்மரத்திலும் இந்த வேதியியல் ஒன்றே. மேப்பிளுக்குப் பகல் குறைவதும் குளிர்வதும் அழைப்பு. பால்மரத்துக்கு வறட்சி அழைப்பு.

ஒரு மலைச்சரிவு முழுதும் ஒரே வாரத்தில் நிறம் மாறுவதற்கு மனிதனும் ஒரு காரணம். மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்களை ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். அதனால் ஒரு பிரிவில் நிற்கும் ஆயிரக்கணக்கான மரங்களுக்கும் மரபணு ஒன்றுதான். ரகத்துக்கு ரகம் உதிரும் காலம் முன்பின்னாக இருக்கும். ஒரே ரகத்து மரங்கள் ஏறத்தாழ ஒன்றாக உதிர்க்கும்.

துளிரும் தேனும் வெடிக்கும் காயும்

மொட்டை மரம் அப்படியே நீண்ட நாள் நிற்காது. சில வாரங்களில் செம்பு நிறத் துளிர்கள் துவண்டு தொங்கும். இளந்துளிரை வெயிலிலிருந்து காப்பதில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமிக்குப் பங்கு உண்டு என்கிறார்கள் தாவரவியலாளர்கள். இலை விறைத்துப் பச்சையானதும், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். பூவில்லாமலே கிடைக்கும் இந்தத் தேனுக்காகத்தான் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீப் பெட்டிகளை ரப்பர்த் தோட்டங்களில் வைக்கிறார்கள்.

துளிரோடு பூவும் வரும். நிலநடுக்கோட்டின் அருகே பகலின் நீளம் மாறாதபோது எல்லா மரமும் ஒரே நேரத்தில் பூப்பது எப்படி? மலேசிய ஆய்வாளர் ஹூங் யீட் யாங் 2007-இல் ‘நியூ பைட்டாலஜிஸ்ட்’ ஆய்விதழில் ஒரு விடை சொன்னார். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும்போது ஒளியின் வலு உச்சத்தில் இருக்கிறது. மரம் அந்த வலுவை உணர்ந்து பூக்கிறது என்பது அவர் கருத்து.

பூத்து ஐந்தாறு மாதத்தில் காய் முற்றும். வெயில் ஏறிய ஆகஸ்ட், செப்டம்பர் பகல்களில் காய்ந்த காய் ‘படீர்’ என்று வெடித்து விதையைப் பதினைந்து மீட்டருக்கு அப்பாலும் எறியும். புள்ளிபோட்ட அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, அடுத்தவர் கையில் வைத்துவிட்டு ஓடாத தோட்டப்புறப் பிள்ளை குறைவு.

லயத்து வீடுகளின் அந்த நாட்கள்

இலையுதிர்வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சேமித்த மாவுப்பொருள் புதிய இலைக்குப் போவதால் துளிர்க்கும் நாட்களில் பால் குறையும். பல தோட்டங்களில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். எடைக்கு ஏற்பக் கூலி வாங்கிய குடும்பத்தில் பணமுடை வரும். வழக்கமாக விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பால் சீவும் உளியோடு மரத்துக்கு மரம் ஓடிய கால்களுக்கு அப்போதுதான் கொஞ்சம் ஓய்வு. புல் வெட்டும் வேலையும் மருந்தடிக்கும் வேலையும் இருந்தன. ஆனால் பால் பிடிக்கும் மங்கு நிறையும் நாட்களின் அவசரம் இல்லை.

அந்த ஓய்வில்தான் பருவத்தின் இன்பங்கள் வந்தன. இலையில்லாத காட்டின் காலை இளங்குளிர், கெட்டிப் பால் ஊற்றிய தேநீர், அவித்த மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளியும் பால்மரமும் தாவரவியலில் ஒரே குடும்பம். இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காதபோது மலாயாவில் பலரைக் காப்பாற்றிய கிழங்கு அது. அந்தக் கதையைக் கிழங்கு வேகும் அடுப்போரத்தில்தான் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த மூத்தவர்களுக்கு இந்தப் பருவம் அந்நியமாக இருந்திருக்காது. மாசியும் பங்குனியும் தமிழ் மரபில் பின்பனிக் காலம். அப்போதுதான் ஊரில் வேம்பு இலையுதிர்க்கும். செந்துளிர் விட்டு, சித்திரைப் பச்சடிக்குப் பூவும் கொடுக்கும். அமேசான் மரமொன்று ஜொகூர் மண்ணில் நின்று அதே மாதத்தில் அதே வரிசையில் உதிர்த்தது, துளிர்த்தது, பூத்தது. கடல் கடந்தவர்களின் நாட்காட்டி அறுந்துபோகாமல் இருந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஏக்கம் என்ற மருந்து

சொந்த ஊரைப் பிரிந்து ஏங்குவதை 1688-இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் ஒரு நோய் என்று விவரித்தார். அந்தக் கருத்து நெடுங்காலம் நிலைத்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடஸ், டிம் வில்ட்ஷுட் ஆகியோர் செய்துவரும் ஆய்வுகள் அதை மாற்றின. பழைய நாட்களை நினைத்து ஏங்கும் நினைவேக்கம் தனிமையுணர்வைத் தணிக்கிறது, உறவுகளோடு இணைந்திருக்கும் உணர்வைக் கூட்டுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அவர்கள் பங்கேற்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, குளிர்ந்த நாட்களிலும் குளிர்ந்த அறையிலும் மக்களுக்குப் பழைய நினைவு அதிகம் வருகிறது. அப்படி நினைத்துக்கொண்டவர்கள் அறை வெதுவெதுப்பாக இருப்பதாகவும் உணர்ந்தார்கள்.

வாசனைக்கு இதில் தனி இடம் உண்டு. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மூளையின் மேற்பரப்புக்குப் போகும். மூக்கின் செய்தி அந்தச் சுற்றுவழி இல்லாமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை எட்டிவிடும். ஸ்வீடனில் யோகன் வில்லாண்டர், மரியா லார்ஷன் இருவரும் முதியவர்களிடம் 2006-இல் நடத்திய ஆய்வில், சொல்லும் படமும் பதின்ம வயது நினைவுகளைக் கிளப்பின. வாசனையோ பத்து வயதுக்கு முந்தைய நினைவுகளைக் கிளப்பியது. சருகின் மணம், ஒட்டுப்பாலின் வீச்சம், புகைக்கூடத்தின் நெடி, வறட்சிக்குப் பின் முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் ஜியோஸ்மின் மணம்: தோட்டத்தில் வளர்ந்தவர் எழுபது வயதிலும் இவற்றில் ஒன்றை முகர்ந்தால் லயத்து வாசலுக்கே போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

மரம் போனால்

1980களின் முடிவுவரை ரப்பர் உற்பத்தியில் உலகின் முதல் நாடாக இருந்த மலேசியா, 1960களிலிருந்தே செம்பனைக்கு மாறத் தொடங்கியிருந்தது. செடெனாக்கிலும் செம்பனை எண்ணெய் ஆலை வந்தது. செம்பனை ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. அதற்கு இலையுதிர்காலம் கிடையாது. இப்போது அதே செடெனாக்கில் தொழில்நுட்பப் பூங்காவும் தரவு மையங்களும் எழுந்து நிற்கின்றன. வேலையும் வருமானமும் வருவது நல்லதே. ஆனால் மாசியை மரத்தைப் பார்த்தே சொல்லத் தெரிந்த தலைமுறை அங்கிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டது.

எஞ்சிய ரப்பர் மரங்களுக்கும் சிக்கல் உண்டு. பிப்ரவரியில் வர வேண்டிய வறட்சி தவறி மழை பெய்தால் துளிரைப் பூஞ்சை தாக்கும். மரம் இரண்டாம் முறை இலையை இழக்கும். 2017-க்குப் பின் மலேசியாவில் பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற பூஞ்சையோடு தொடர்புடைய இலையுதிர் நோயும் பரவியிருக்கிறது. பருவத்தின் உதிர்வு மரத்தைப் புதுப்பிக்கிறது. நோயின் உதிர்வு அதன் பாலையும் வலுவையும் பறிக்கிறது.

பருவம் என்பது வானிலை மட்டும் இல்லை. ஒரு சமூகம் சேர்ந்து கவனித்த அடையாளமும்தான். அடையாளம் போனால் நினைவுக்குப் பிடிமானம் குறையும். இன்று மலேசியத் தோட்டத்தில் பால்மரம் சீவிய கடைசித் தலைமுறைத் தமிழர்கள் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். தோட்டத்து வீடுகளில் வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் குடும்பத்தில் இருந்தால், அடுத்த மாசிக்குள் அவர்களிடம் கேளுங்கள்: எந்தப் பிரிவில் முதலில் இலை விழும், துளிர் எந்த நிறம், அப்போது வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று. கைபேசியில் அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். தமிழ்ப் பள்ளிகளின் வளாகத்தில் இடம் இருந்தால் இரண்டு பால்மரங்களை வளர்த்து, இலை விழும் தேதியையும் துளிர்க்கும் தேதியையும் மாணவர்கள் ஆண்டுதோறும் குறிக்கட்டும். அது நல்ல அறிவியல் பாடம். நம்முடைய வரலாற்றுப் பாடமும் அதுவே.