அதே பம்ப், அதே பெட்ரோல், இரண்டு விலை: உங்களுக்கு எது?

புக்கிட் ரோத்தானில் ஒரு பெட்ரோல் நிலையம். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று வச்சுக்குவோம். முதலில் வந்த இளைஞர் மைகாட்டைச் செருகுகிறார். அவருக்கு ஒரு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். பின்னால் நிற்கும் தாத்தா கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. அதே பம்ப், அதே ரோன்95. ஆனா அவர் சந்தை விலை கொடுக்கணும்.

எப்படி இப்படி ஆச்சு? எண்ணெய் விலை ஏறுதுன்னு எல்லாரும் பேசுறோம். ஆனா இன்றைக்கு நீங்க கொடுக்கும் விலையை உலகச் சந்தை மட்டும் முடிவு செய்வதில்லை. உங்க கையில் இருக்கும் ஆவணமும் முடிவு செய்கிறது.

என்ன மாறியது?

முன்பெல்லாம் மானியம் பம்பிலேயே இருந்தது. யார் வந்து அடித்தாலும் ஒரே விலை. 2021 பிப்ரவரியிலிருந்து ரோன்95 லிட்டருக்கு 2 ரிங்கிட் 5 சென்னைத் தாண்டாமல் அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது.

2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டம் எல்லாருக்கும் நடைமுறைக்கு வந்தது. மானியம் பம்பிலிருந்து ஆளுக்கு மாறியது. தகுதி இரண்டுதான்: மலேசியக் குடிமகனாக இருக்கணும், செல்லுபடியாகும் வாகனமோட்டும் லைசென்ஸ் இருக்கணும். நாடு முழுக்க 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். தொடங்கியபோது ஒருவருக்கு மாதம் 300 லிட்டர், லிட்டருக்கு 1.99 ரிங்கிட். மானியம் இல்லாத விலை அப்போது 2.60 ரிங்கிட். இந்த இரண்டாவது விலைதான் வாரந்தோறும் மாறும்.

ஒதுக்கீடு போதுமா?

கோலாலம்பூரில் இருப்பவருக்கு எல்ஆர்டி இருக்கு, எம்ஆர்டி இருக்கு. கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ரயில் நிலையமே கிடையாது. தோட்டத்திலிருந்து வேலைக்குப் போகணும்னா மோட்டார், இல்லன்னா கார். அதனால கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஷா ஆலம் பக்கம் வேலை, ஒரு வழி 45 கிலோமீட்டர், மாதம் 26 நாள். மொத்தம் 2,340 கிலோமீட்டர். உங்க கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிச்சா, மாதம் 187 லிட்டர். 1.99 விலையில் சுமார் 372 ரிங்கிட். 2.60 விலையில் 486 ரிங்கிட். வித்தியாசம் 114 ரிங்கிட்.

100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் குடிக்கும் மோட்டார் என்றால், அதே தூரத்துக்கு வித்தியாசம் மாதம் 29 ரிங்கிட்தான். ஆனா நாள் சம்பளக்காரருக்கு அதுவும் காசுதானே?

வேலை முடிந்து இரவில் பகுதி நேரமாக இ-ஹெய்லிங் ஓட்டுகிறீர்களா? ஓர் இரவுக்கு 120 கிலோமீட்டர், மாதம் 20 இரவு என்றால் இன்னும் 192 லிட்டர். மொத்தம் 379. தொடக்கத்தில் இருந்த 300 லிட்டர் ஒதுக்கீட்டைத் தாண்டிய 79 லிட்டருக்கு, அப்போதைய விலையில் லிட்டருக்கு 61 சென் கூடுதல், அதாவது 48 ரிங்கிட். இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குக் கூடுதல் ஒதுக்கீடு உண்டு. ஆனா அது எவ்வளவு ஓட்டுறீங்க என்பதைப் பொறுத்தது.

விடுபடுவது யார்?

முதலாவது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள். அவர்கள் நிரந்தரவாசிகள், குடிமக்கள் அல்ல. தோட்டங்களில் பிறந்து வளர்ந்தும், பிறப்புப் பதிவோ மற்ற ஆவணங்களோ சரியாக இல்லாததால் குடியுரிமை கிடைக்காத முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018-இல் அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தது நினைவிருக்கலாம். பழைய ஆவணச் சிக்கல் இப்போது பெட்ரோல் நிலையம் வரைக்கும் வந்திருக்கிறது.

இரண்டாவது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவர்கள். "தோட்டத்துக்குள்ளதானே ஓட்டுறேன், எதுக்கு லைசென்ஸ்?" என்று சொல்பவரை உங்களுக்கும் தெரியும். லைசென்ஸ் இருந்தும் புதுப்பிக்க மறந்தவர்களும் இதே வரிசையில்தான். போலீஸ் தடுப்பில் மாட்டினால் மட்டும் இருந்த செலவு, இப்போ எண்ணெய் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் வருகிறது.

டீசலும் இதே கதைதான்

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. ஆனால் அப்போது தகுதியுள்ள பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு, பள்ளிப் பேருந்துகள் உட்பட, ஃப்ளீட் கார்டு மூலம் 1.88 ரிங்கிட். தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்கு 2.15 ரிங்கிட். சொந்த டீசல் வாகனம் வைத்திருந்த தகுதியுள்ள தனிநபர்களுக்கு அப்போது மாதம் 200 ரிங்கிட் ரொக்க உதவி தரப்பட்டது.

கவனிச்சீங்களா? இங்கேயும் ஆவணம்தான். முறையான பெர்மிட் உள்ள பள்ளிப் பேருந்துக்கு ஒரு விலை. பெர்மிட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேனுக்கு இன்னொரு விலை. அந்தக் கூடுதல் செலவு கடைசியில் பெற்றோர் கட்டும் மாதக் கட்டணத்தில் வந்து விழும்.

நீங்க என்ன செய்யலாம்?

• புடி மடானி இணையத்தளத்தில் உங்க அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தகுதியைப் பாருங்க. அப்படியே அப்பா, அம்மாவுக்கும் பார்த்துக் கொடுங்க. ஒதுக்கீட்டின் அளவு மாறினாலும் அங்கேதான் தெரியவரும்.

• லைசென்ஸ் காலாவதியா? முதலில் அதைப் புதுப்பியுங்க. அதன் கட்டணத்தை மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டால் லாபம் புரியும்.

• மைகாட் சிப்பைக் கருவி படிக்க மறுத்தால் ஜேபிஎன் அலுவலகத்தில் மாற்றலாம். செத்தெல், டச் என் கோ இ-வாலட் போன்ற செயலிகள் வழியாகவும் மானிய விலையில் எண்ணெய் வாங்கலாம்.

• மாதத்தில் மிச்சமான லிட்டர் அடுத்த மாதத்துக்குச் சேராது. ஒதுக்கீடு தீர்வதற்குள், ஒரே பக்கம் வேலைக்குப் போகும் இரண்டு மூன்று பேர் ஒரு காரில் சேர்ந்து போக முடியுமா என்று பாருங்க.

• வீட்டில் சிவப்பு அட்டையோடு தாத்தா, பாட்டி இருந்தால், பிறப்புச் சான்றிதழ், பழைய தோட்டப் பதிவு, பள்ளிப் பதிவு எது கிடைத்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்க. குடியுரிமை விண்ணப்பத்துக்கு அதுதான் ஆதாரம்.

உலகச் சந்தையில் எண்ணெய் விலையை நம்மால் மாற்ற முடியாது. ஆனா பாரம் நிரப்புவது, இணையத்தில் சரிபார்ப்பது, வரிசையில் நின்று புதுப்பிப்பது எல்லாம் இளைஞர்களுக்குக் கை வந்த வேலை. அடுத்த முறை எண்ணெய் அடிக்கப் போகும்போது, உங்க வீட்டில் யார் எந்த விலை கொடுக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க.