கடிகாரம் காட்டும் 400 மீட்டர்

தடகளப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் சிலர் ஜி.பி.எஸ். வசதியுள்ள ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் ஓடுதளத்தில் ஒரு சுற்று முடித்ததும் அது 392 என்றோ 408 என்றோ காட்டும்போது, "சார், டிராக் தப்பா, வாட்ச் தப்பா?" என்ற கேள்வி வருகிறது. உடற்கல்வி ஆசிரியராக நான் இதற்குச் சொல்லும் விளக்கத்தை இங்கே பகிர்கிறேன். அறிவியல், கணித ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு.

400 மீட்டர் எங்கே இருக்கிறது?

தரநிலை ஓடுதளத்தில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் உள்விளிம்பு ஆரம் 36.50 மீட்டர். ஓடுபவர் விளிம்பை ஒட்டி ஓட முடியாது என்பதால், முதல் தடத்தில் 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். ஆகவே கணக்குக்கு எடுக்கும் ஆரம் 36.80 மீட்டர். இரண்டு வளைவுகளும் சேர்ந்து ஒரு முழு வட்டம்: 2 × π × 36.80 = 231.22. நேர்ப்பகுதிகள் 168.78. கூட்டினால் சரியாக 400.

தடத்தின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் தடம் முதல், உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பார்கள். அதன்படி இரண்டாம் தடத்தில் ஒரு சுற்று 407.04 மீட்டர்; மூன்றாம் தடத்தில் 414.70, எட்டாம் தடத்தில் 453.03. எனவே வாட்ச் 407 காட்டினால், மாணவர் எந்தத் தடத்தில் ஓடினார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

வாட்ச் ஏன் தடுமாறுகிறது?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கிலிருந்து வரும் சமிக்ஞைகளின் பயண நேரத்தைக் கொண்டு வாட்ச் தன் இடத்தைக் கணிக்கிறது. திறந்தவெளியிலும் இதில் சில மீட்டர் பிழை இயல்பு. பக்கத்தில் பள்ளிக் கட்டடமோ பெரிய மரங்களோ இருந்தால், சமிக்ஞை எதிரொலித்து வந்து பிழை கூடும். தடத்தின் அகலமே 1.22 மீட்டர்தான் என்பதால், எந்தத் தடத்தில் ஓடுகிறோம் என்பதே வாட்சுக்கு உறுதியாகத் தெரியாது.

எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்தால் தூரம் மாறாது. வரைபடத்தில் ஓடுதளம் சற்றுத் தள்ளித் தெரியும், அவ்வளவுதான். புள்ளிகள் முன்னும் பின்னும் இடமும் வலமும் சிதறினால், அவற்றை இணைக்கும் கோடு நெளிந்து தூரம் கூடும். அந்த நெளிவை நீக்க வாட்ச் கோட்டை வழவழப்பாக்கும்போது, வளைவுகள் வெட்டப்பட்டுத் தூரம் குறையும். நேரான சாலையில் இதனால் பெரிய பாதிப்பில்லை. ஓடுதளத்திலோ பாதிக்கு மேல் வளைவுதானே!

இதனால் என்ன ஆகிறது?

ஒரு வாட்ச் 400 மீட்டரை 408 என்று காட்டுகிறது என்று கொள்வோம். அது 400 காட்டும்போது நிற்கும் மாணவி உண்மையில் ஓடியது சுமார் 392 மீட்டர். முழுச் சுற்றுக்கு 80 விநாடி எடுப்பவர், 78.4 விநாடியில் ஓடிவிட்டதாக நம்புவார். 1500 மீட்டருக்குக் கணக்கிட்டால் இந்த வேறுபாடு ஏறக்குறைய 6 விநாடி. போட்டி நாளில் அந்த 6 விநாடி காணாமல் போகும். "பயிற்சியில் ஓடினாயே, இங்கே என்ன ஆச்சு?" என்று நாமும் கேட்போம். பிள்ளை தன் மீதே நம்பிக்கை இழப்பாள். குறை அவளிடம் இல்லை, அளவில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஓடுதளத்தில் தூரத்தைக் கோட்டிடம் கேளுங்கள். நேரத்தை மட்டும் வாட்சிடம் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கோட்டைக் கடக்கும்போது லேப் பொத்தானை மாணவரே அழுத்தட்டும். சில வாட்சுகளில் தட எண்ணைக் கேட்கும் 'டிராக்' முறை உண்டு, இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் அது 400 மீட்டர் தரநிலை ஓடுதளத்துக்கானது. சுண்ணாம்புத் தூளால் நாம் போடும் 200 மீட்டர் ஓடுதளத்துக்கு அளவு நாடாவும் ஸ்டாப் வாட்ச்சுமே போதும்.

வகுப்புச் செயல்பாடாகவும் இதை மாற்றலாம். ஆசிரியரின் கைப்பேசி ஒன்று போதும். அளந்து குறித்த பாதையில் ஐந்து மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதை எடுத்துக்கொண்டு நடக்கட்டும். செயலி காட்டும் ஐந்து தூரங்களையும் கரும்பலகையில் எழுதி, சராசரியைக் கண்டு, நாடா அளவுடன் ஒப்பிடச் சொல்லுங்கள். கூடியும் குறைந்தும் வந்தால் அது ஒழுங்கற்ற பிழை. எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் அது முறையான பிழை. ஆறாம் வகுப்பின் 'அளவீடுகள்' பாடத்தைத் தொடங்க இது நல்ல வழி. வட்டத்தின் சுற்றளவு நடத்தும்போது, அடுத்தடுத்த தடங்களின் தொடக்கக் கோடு ஏன் முன்தள்ளிப் போடப்படுகிறது என்பதை மாணவர்களே கணக்கிட்டு மைதானத்தில் குறிக்கட்டும். திரையில் தெரியும் எந்த எண்ணையும் "இதை எப்படி அளந்தார்கள்?" என்று கேட்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்கும்.