உண்ணிக்கு மூலிகை மருந்து

கால்நடைகளின் உடலின் மேல் தங்கி இரத்தத்தை உறிஞ்சி வாழும் உண்ணி, தெள்ளுப்பூச்சி முதலியவை புற ஒட்டுண்ணிகள் எனப்படும். இவற்றுள் பேரிழப்பை விளைவிப்பது உண்ணியாகும். மாட்டின் காதுமடல், மடி, வாலடி ஆகிய மென்தோல் பகுதிகளில் ஆமணக்கு விதைபோல் உப்பித் தொங்கும் பெண் உண்ணி, இரத்தத்தைக் குடிப்பதோடு நில்லாமல், காய்ச்சலும் சோகையும் தரும் நோய்க்கிருமிகளையும் மாட்டின் உடலில் செலுத்துகிறது.

டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்ற இரசாயன மருந்துகள் உண்ணியை விரைந்து கொல்லும். ஆயினும் ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளிக்கும்போது, அதைத் தாங்கிப் பிழைத்தவையே பெருகுவதால், மருந்துக்கு அடங்காத உண்ணிகள் உருவாகின்றன. இந்தியாவிலும் இத்தகைய எதிர்ப்புத்திறன் பதிவாகியுள்ளது. மருந்தின் எச்சம் பாலில் கலக்கவும் வாய்ப்புண்டு.

இதற்கு மாற்றாக, தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்திய மரபுவழி மருந்தைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் பரப்பி வருகிறது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றில் ஒவ்வொரு கைப்பிடி சேர்த்து அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, வெயில் உள்ள வேளையில் மாட்டின் உடலெங்கும் தெளிக்கவோ துணியில் நனைத்துத் துடைக்கவோ வேண்டும்.

வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், பூச்சிகள் தோலுரித்து வளர்வதை நெறிப்படுத்தும் இயக்குநீரின் செயலைக் குலைக்கிறது; எட்டுக்கால் உயிரான உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று என்றாலும், அதுவும் தோலுரித்தே வளர்கிறது. பெயரிலேயே உண்ணியைத் தாங்கிய உண்ணிச்செடியோ மேய்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும் நச்சுச்செடி. ஆகவே அது சேர்ந்த இம்மருந்தை உள்ளுக்குக் கொடுக்கலாகாது, மாடு நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நன்கு குடித்த பெண் உண்ணி மாட்டிலிருந்து உதிர்ந்து, கொட்டகையின் சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. எனவே மாட்டுக்குத் தெளிப்பதோடு அந்த இடுக்குகளிலும் தெளித்து, உண்ணி ஒழியும்வரை வாரம் ஒருமுறை இதைத் தொடர்வது இன்றியமையாதது. மாட்டைப் போலவே ஆட்டையும் உண்ணி பற்றும். மும்பையின் தேவ்னார் போன்ற ஆட்டுச் சந்தைகளில் பல ஊர்களின் ஆடுகள் ஒன்றுகூடுவதால், உண்ணியும் அவற்றோடு ஊர்விட்டு ஊர் செல்கிறது; புதிதாக வாங்கிய ஆட்டைத் தனியே கட்டி, உடலை ஆராய்ந்த பின்னரே மந்தையில் சேர்ப்பது நலம்.

மூலிகை மருந்து ஒரே தெளிப்பில் உண்ணியை வேரறுப்பதன்று. கொட்டகைத் தூய்மையோடும் கால்நடை மருத்துவரின் அறிவுரையோடும் தவறாமல் கடைப்பிடிக்கும் வீட்டிலேயே அது பயன் தரும்.